சிங்குக்கு அடியில் இடமே இல்லை: டிஸ்போசர் பைப்பை எப்படிப் பொருத்துவது?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும். இரண்டு தொட்டி உள்ள சிங்க். இடது தொட்டிக்குக் கீழே உணவுக்கழிவை அரைக்கும் டிஸ்போசரை மாட்டப் போகிறீர்கள். கேபினெட்டின் உள்ளகலம் இரண்டரை அடிதான். வலது மூலையில் தண்ணீர் வடிகட்டி இருக்கிறது. பாத்திரம் கழுவும் மெஷினின் கழிவு ஹோஸும் அங்கேதான் வந்து சேர வேண்டும். டிஸ்போசரைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தால், அதிலிருந்து தண்ணீர் வெளியேறும் வாய் சுவரில் இருக்கும் கழிவுக் குழாய்க்கு நேர் எதிரே, ஏறக்குறைய அதே உயரத்தில் நிற்கிறது. நடுவில் டிராப் (சாக்கடை வாடை மேலே வராமல் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவுக் குழாய்) வைக்க வழியில்லை. பிளம்பர் நெளி பைப்பை வளைத்து மாட்டிவிடலாம் என்கிறார். மாட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். உங்களுக்கு 'இடமில்லை' என்று ஒன்றாகத் தெரிவது உண்மையில் இரண்டு தனிப் பிரச்சினை. ஒன்று பக்கவாட்டு நெருக்கடி, இன்னொன்று உயரம். பக்கவாட்டு நெருக்கடியைச் சமாளிக்க நிறைய வழி உண்டு. உயரம் போதாவிட்டால் எந்த எல்போவும் (வளைவான இணைப்புத் துண்டு) காப்பாற்றாது. ஆகவே எந்தப் பொருளையும் வாங்கும் முன் சுவர் குழாயின் உயரத்தை அளந்துவிடுங்கள். டேப்பின் நுனியைக் கேபினெட் பலகையில் வைக்காமல் தரையில் வைத்து, குழாயின் மையம் வரை அளக்க வேண்டும்.

சாதாரண சிங்கில் சல்லடைக்குக் கீழே ஒரு நேர் பைப் இறங்கும். அதை வேண்டிய நீளத்துக்கு வெட்டிக்கொள்ளலாம், டிராப்பும் சுவர் குழாய்க்கு ஏற்றபடி மேலே கீழே நகரும். டிஸ்போசர் வந்ததும் அந்த வசதி போய்விடும். உள்ளே பிளேடு எதுவும் கிடையாது. அடியில் சுழலும் தட்டு கழிவைச் சுற்றுவட்ட வளையத்தில் மோதவிட்டு அரைக்கும். அரைத்தது தண்ணீரோடு தட்டின் ஓரம் வழியே கீழே இறங்கி, அப்புறம்தான் பக்கவாட்டு வாய் வழியே வெளியே வரும். இந்த மெஷினை 1927இல் முதலில் உருவாக்கியவர் ஜான் ஹேம்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர். இன்றைக்கு வரும் மெஷின்களிலும் தண்ணீர் பக்கவாட்டில்தான் வெளியேறுகிறது. அந்த வாய் சிங்கின் அடியிலிருந்து பல இன்ச் கீழே இருக்கும். எத்தனை இன்ச் என்பது மாடலுக்கு மாடல் மாறும். மெஷினோடு வரும் அளவுப் படத்தில், சிங்கின் அடியிலிருந்து வெளியேறும் வாயின் மையம் வரை என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். வாங்குகிறவர்கள் குதிரைத்திறனைப் பார்ப்பார்கள், மொத்த உயரத்தைப் பார்ப்பார்கள், இந்த எண்ணை மட்டும் பார்க்க மாட்டார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மேடையின் மேல்மட்டம் தரையிலிருந்து 36 இன்ச். மேடைக் கல்லுக்கு அடியில் ஒட்டிய சிங்க் என்றால் கல்லின் தடிமன் ஒரு இன்ச், தொட்டியின் ஆழம் 9 இன்ச். தொட்டியின் அடி தரையிலிருந்து 26 இன்ச்சில் வரும். மெஷின் படத்தில் அந்த எண் ஆறரை என்று வைத்துக்கொள்வோம். வாயின் மையம் பத்தொன்பதரை இன்ச்சில் நிற்கும். அங்கிருந்து எல்போ வளைந்து இறங்க வேண்டும், அதன் கால் டிராப்பின் நட்டுக்குள் நுழைய வேண்டும், டிராப்பிலிருந்து சுவர் வரை வாட்டம் கொடுக்க வேண்டும். இதற்கெல்லாம் சேர்த்து 4 இன்ச் விட்டால் வேலை நிம்மதியாக முடியும். 3 இன்ச்சில் செய்யலாம், ஆனால் எல்லாத் துண்டையும் குட்டையாக வெட்ட வேண்டியிருக்கும். ஆக, சுவர் குழாயின் மையம் பதினைந்தரை இன்ச்சுக்கு மேல் இருக்கக் கூடாது. டிஸ்போசரை மனதில் வைக்காமல் போட்ட குழாய்கள் பெரும்பாலும் 18, 20 இன்ச் உயரத்தில் இருக்கும். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்று தெரிகிறது.

அதே உயரத்தில் இருந்தால் என்ன, தண்ணீர் போய்விடாதா என்று கேட்கலாம். போகும், முழுதாகப் போகாது. மெஷினின் வாயைவிட டிராப்பின் வெளிப்பக்க விளிம்பு மேலே இருந்தால், அந்த விளிம்பு மட்டத்துக்குத் தண்ணீர் அரைக்கும் அறைக்குள்ளேயே தேங்கும். தேங்குவது சுத்தமான தண்ணீரும் இல்லை, அரைத்த கழிவு கலந்த தண்ணீர். முதலில் வாடை வரும். அறையின் உலோகம் எப்போதும் ஈரத்தில் ஊறும். மோட்டார் தண்டைச் சுற்றியுள்ள சீலும் ஓயாமல் நனைந்துகொண்டே இருக்கும். அது விட்டுக்கொடுத்தால் தண்ணீர் மோட்டாருக்குள் இறங்கி, மெஷினின் அடியில் சொட்டத் தொடங்கும். அந்த நிலைக்கு வந்த மெஷினைப் பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டும்.

உயரம் போதவில்லை என்றால் மூன்று வழிதான் உண்டு. முதலாவது, வாய் மேலே இருக்கும் மெஷினைத் தேடுவது. சிறிய மெஷின் என்றால் வாயும் மேலேதான் இருக்கும் என்று நினைக்க வேண்டாம், படத்தில் உள்ள எண்ணை மட்டும் நம்புங்கள். இதில் பெரும்பாலும் ஒன்றிரண்டு இன்ச்தான் கிடைக்கும். இரண்டாவது, ஆழம் குறைந்த தொட்டிக்கு மாறுவது. உங்கள் சிங்கின் இரண்டு தொட்டியில் ஒன்று ஆழம் குறைவாக இருந்தால் மெஷினை அதற்கு மாற்றிவிடுங்கள், செலவில்லாமல் உயரம் கிடைத்துவிடும். மூன்றாவது, சுவரைத் திறந்து குழாயின் வாயைக் கீழே இறக்குவது.

மூன்றாவதைச் சொன்னதும் எல்லோரும் பின்வாங்குவார்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் அதைத்தான் செய்வேன். கேபினெட்டின் பின்பலகையில் ஒரு சதுரத்தை வெட்டி எடுத்து, சுவரைத் திறந்தால் உள்ளே செங்குத்துக் குழாயும் அதில் பக்கவாட்டில் பிரியும் டீயும் (T வடிவ இணைப்பு) இருக்கும். பழைய டீயை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நேர் பைப்பும் கப்ளிங்கும் போட்டு, தேவையான அளவு கீழே புதிய டீயை வைக்க வேண்டும். டீயின் உள்வளைவு கீழ்நோக்கி இருக்க வேண்டும், தலைகீழாகப் போட்டால் கழிவு படியும். டீயிலிருந்து மேலே போகும் காற்றுக்குழாயை அடைத்துவிடக் கூடாது. வெட்டிய பலகையைத் திரும்ப ஸ்க்ரூ போட்டு மூடிவிட்டால் வெளியே எதுவும் தெரியாது. ஒருமுறை சுவரைத் திறக்கிறீர்கள் என்றால் கஞ்சத்தனம் பார்க்காமல் இன்னும் ஓர் இன்ச் கூடுதலாகவே இறக்குங்கள். நாளைக்கு ஆழமான சிங்க் வந்தாலும், வேறு மெஷின் வந்தாலும் கவலை இருக்காது. டிராப் கேபினெட் பலகையில் இடிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

குழாய் சுவரில் இல்லாமல் தரையிலிருந்து வருகிற வீடுகளில் உயரப் பிரச்சினை இருக்காது, வேறு ஒன்று வரும். டிராப்பை மாட்டி அப்படியே நேராகத் தரைக்கு இறக்கிவிடுவார்கள். இது எஸ் வடிவ டிராப். 1775இல் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக்காரர் கழிப்பறைக்கு இந்த வளைவை வைத்துக் காப்புரிமை வாங்கினார். வாடையைத் தடுக்க வளைவில் தண்ணீர் நிற்க வேண்டும் என்ற எண்ணம் அபாரமானதுதான். ஆனால் தொட்டி நிறையத் தண்ணீரை ஒரேயடியாகத் திறந்துவிட்டால், இறங்குகிற பைப் நிரம்பி, உறிஞ்சும் வேகத்தில் வளைவில் நிற்க வேண்டிய தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். அப்புறம் சாக்கடை வாடை நேராக அடுக்களைக்குள் வரும். அதனால்தான் டிராப்புக்குப் பிறகு பைப் படுக்கையாகப் போய், காற்றுக்குழாய் உள்ள இடத்தில் சேர வேண்டும் என்கிறார்கள். காற்றுக்குழாய் வைக்கவே முடியாத இடத்தில், உள்ளூர் விதி அனுமதித்தால், காற்றை உள்ளே மட்டும் விடும் வால்வு ஒன்றைப் போடலாம். அது அந்தப் படுக்கைப் பைப்பைவிடக் குறைந்தது 4 இன்ச் மேலே நிற்க வேண்டும்.

உயரம் சரியாகிவிட்டது என்று வைத்துக்கொண்டு பக்கவாட்டுக்கு வருகிறேன்.

மெஷினின் வாய் சுவரைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. மெஷினைத் தாங்கும் வளையத்தை இறுக்கிப் பூட்டும் முன், உடலைச் சுற்றித் திருப்பிக்கொள்ளலாம். வாயைச் சுவருக்கு இணையாக, வலது தொட்டியைப் பார்க்கும்படி திருப்புங்கள். இப்போது மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் பைப்பைத் திணிக்க வேண்டியதில்லை. எல்போ மெஷினின் பக்கத்தில் இறங்கும், டிராப்பும் பக்கத்திலேயே உட்காரும். திருப்பும்போது மற்ற மூன்றையும் கவனியுங்கள்: பாத்திரம் கழுவும் மெஷினின் ஹோஸ் மாட்டும் சிறு குழாய் எந்தப் பக்கம் போகிறது, மின் வயர் எங்கே வருகிறது, அடியில் இருக்கும் சிவப்பு ரீசெட் பொத்தான் கைக்கு எட்டுகிறதா. மெஷினின் அடியில் நடுவே ஒரு அறுகோணக் குழி இருந்தால், தட்டு சிக்கிக்கொள்ளும்போது ஆலன் சாவியை அதில் விட்டுத் திருப்ப வேண்டியிருக்கும். அதற்குக் கீழே கை நுழையும் இடம் விட்டே ஆக வேண்டும். பைப்பை மெஷினின் அடியில் குறுக்கே ஓட்டிவிட்டுப் பிறகு வருத்தப்படுகிறவர்கள் உண்டு.

டிராப் இரண்டு துண்டு. ஒன்று யூ வளைவு, இன்னொன்று அதிலிருந்து சுவருக்குப் போகும் கை. இரண்டுக்கும் நடுவில் நட் இருக்கிறது, யூ வளைவு எல்போவின் காலோடு சேரும் இடத்திலும் நட் இருக்கிறது. நட்டைத் தளர்த்தினால் யூ வளைவு எல்போவின் காலைச் சுற்றிக் கதவு கீலில் ஆடுவதுபோல இடமும் வலமும் ஆடும். சுவர் பக்கத்துக் கையும் அதன் நட்டுக்குள் சுழலும், முன்னும் பின்னும் நகரும். இந்த இரண்டு அசைவையும் சேர்த்தால், எல்போவின் கால் சுவர் குழாய்க்கு நேராக இல்லாமல் இரண்டு மூன்று இன்ச் தள்ளி இருந்தாலும் இணைத்துவிடலாம். கால் சுவருக்கு ரொம்ப நெருக்கமாக இருந்தால் யூ வளைவைச் சுவருக்கு இணையாகத் திருப்பி, அதன் கையில் ஒரு எல்போ போட்டுச் சுவருக்குத் திருப்புங்கள். தூரம் அதிகம் என்றால் வளைவை நேராகச் சுவரைப் பார்க்கவிட்டு, கையை நீட்டுங்கள். கடையில் யூ வளைவை மட்டும் கையில் வைத்துப் பார்த்தால் இது விளங்காது. மெஷினைத் தொங்கவிட்டு, எல்போவைப் போட்டு, வளைவைக் கையால் பிடித்துச் சுற்றிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும்.

இதிலும் அடங்காத விலகல் என்றால் 45 டிகிரி எல்போ இரண்டைச் சேர்த்துப் போடுங்கள். 90 டிகிரி இரண்டு போட்டால் அந்த மூலையில் அரைத்த கழிவு மெதுவாகி உட்காரும். 45 இரண்டு போட்டால் ஓட்டம் கெடாது, இடமும் கொஞ்சம்தான் பிடிக்கும்.

வாட்டம் ஒரு அடிக்கு இரண்டு நூல், அதாவது கால் இன்ச். கையின் மேல் ரசமட்டத்தை வைத்துப் பாருங்கள், குமிழி மெஷின் பக்கம் சற்று ஏறி நிற்க வேண்டும். வாட்டம் அதிகமாக இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். இல்லை. டிராப்பிலிருந்து காற்றுக்குழாய் வரை மொத்த இறக்கம் பைப்பின் விட்டத்தைத் தாண்டக் கூடாது, தாண்டினால் மறுபடியும் அந்த உறிஞ்சல் கதைதான். ஒன்றரை இன்ச் பைப்பில் அடிக்கு இரண்டு நூல் என்றால் 6 அடியில் அந்த வரம்பு வந்துவிடும். அமெரிக்காவின் இரண்டு பெரிய பிளம்பிங் விதித்தொகுப்புகளில் ஒன்று இந்த 6 அடியை ஏற்கும், இன்னொன்று மூன்றரை அடியோடு நிறுத்தச் சொல்லும். உங்கள் கேபினெட்டில் இரண்டு அடிகூட வராது, கவலை வேண்டாம். வளைவில் நிற்கும் தண்ணீரின் ஆழம் 2 இன்ச்சுக்குக் குறையாமல், 4 இன்ச்சைத் தாண்டாமல் இருக்க வேண்டும். கடையில் வாங்கும் டிராப்பில் இது அமைந்தே வரும். துண்டுகளைச் சேர்த்துச் சொந்தமாக வளைவு செய்ய முயலும்போதுதான் கெடும்.

இப்போது நெளி பைப். அதன் உள்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள், வரிவரியாகப் பள்ளம் இருக்கும். வெறும் தண்ணீர் போகிற கைகழுவும் தொட்டியில் அது எப்படியோ ஓடிவிடும். டிஸ்போசரிலிருந்து வருவது எண்ணெய்ப் பசையோடு சேர்ந்த மாவு மாதிரியான கூழ். ஒவ்வொரு பள்ளத்திலும் அது படிந்து, இறுகி, துவாரம் சுருங்கும். நெளி பைப் தன் எடையிலேயே தொய்ந்து நடுவில் இன்னொரு தேக்கத்தையும் உண்டாக்கும். போதாக்குறைக்கு மெஷின் ஓடும்போது அதிரும், நெளி பைப்பின் நுனியில் இருக்கும் மெல்லிய நட் அந்த அதிர்ச்சியைத் தாங்காது. பல இடங்களில் விதியே உள்பக்கம் வழுவழுப்பான பைப்பைத்தான் கேட்கும். குட்டையாக, அழகாக இருக்கிறதே என்று புட்டி வடிவ டிராப்பையும் சிலர் பரிந்துரைப்பார்கள். அதன் அடியில் கூழ் வண்டலாகத் தங்கும், அதுவும் வேண்டாம்.

உங்களுக்கு இரண்டு தொட்டி என்பதால் இரண்டையும் எங்கே சேர்ப்பது என்று முடிவு செய்ய வேண்டும். சுவரில் இரண்டு வாய் வைக்க முடிந்தால் இரண்டுக்கும் தனித்தனி டிராப் என்பதே என் விருப்பம். ஒரு பக்கம் அடைத்தாலும் இன்னொரு பக்கம் ஓடும். சில ஊர்களின் விதியும் டிஸ்போசருக்குத் தனி டிராப் கேட்கும், முதலில் அதை விசாரித்துக்கொள்ளுங்கள். உங்கள் கேபினெட்டில் வடிகட்டிக்கும் இடம் வேண்டும் என்பதால் ஒரே டிராப் என்று முடிவு செய்தால், சாதாரண டீயைப் போடாதீர்கள். மெஷின் அரைத்ததை வேகத்தோடு தள்ளும். சாதாரண டீயில் அது நேராக எதிர்ப்பக்கம் மோதி, வலது தொட்டியின் சல்லடை வழியே மேலே எட்டிப் பார்க்கும். உள்ளே ஒரு தடுப்புத் தகடு வைத்து, பக்கவாட்டில் வரும் தண்ணீரைக் கீழே திருப்பிவிடும் டீ தனியாகக் கிடைக்கும். வாங்கும்போது உள்ளே பார்த்து அந்தத் தகடு இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

இந்த ஏற்பாட்டில் உயரம் இன்னும் கொஞ்சம் செலவாகும் என்பதை மறக்க வேண்டாம். மெஷினிலிருந்து டீ வரை போகும் குறுக்குப் பைப்புக்கும் வாட்டம் வேண்டும், டீக்குக் கீழே டிராப் வர வேண்டும். எல்போ போட்டு இறக்குவதற்குப் பதில், மெஷினின் வாயிலிருந்து நேராகவே கிளம்பும் பைப்பை வாங்கினால் எல்போவின் இறக்கம் மிச்சமாகும். குறுக்குப் பைப் மெஷின் வாய்க்குச் சற்றுக் கீழே டீயைத் தொட வேண்டும். மட்டமாகவோ மேல்நோக்கியோ போனால் அறைக்குள் தேக்கம்தான். இரண்டு டிராப்பை ஒன்றன் பின் ஒன்றாகப் போடுவதும் கூடாது. மெஷினுக்கு ஒன்று, டீக்குக் கீழே இன்னொன்று என்று போட்டால் நடுவில் காற்று சிக்கி, தண்ணீர் குடகுடவென்று சத்தம் போட்டு மெதுவாக இறங்கும்.

பொருத்தும் வரிசையில் ஒரு சூட்சுமம் உண்டு. மெஷினைத் தூக்கி மாட்டும் முன்பே, பாத்திரம் கழுவும் மெஷினுக்கான சிறு குழாயில் இருக்கும் அடைப்பை எடுத்துவிடுங்கள். ஸ்க்ரூடிரைவரை உள்ளே வைத்துச் சுத்தியலால் தட்டினால் பிளாஸ்டிக் வில்லை ஒன்று அறைக்குள் விழும். அதைக் கையால் வெளியே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் ஓட்டத்திலேயே தட்டுக்கு அடியில் சிக்கும். இந்த அடைப்பை எடுக்க மறந்துவிட்டுப் பாத்திரம் கழுவும் மெஷினில் தண்ணீர் இறங்கவில்லை என்று தேடுவது இந்தத் தொழிலில் அடிக்கடி பார்க்கிற காட்சி. அந்த ஹோஸை மாட்டும்போது நேராகக் கொண்டுவராமல், மேடைக் கல்லின் அடிவரை தூக்கி ஒரு கிளிப்பால் கட்டிவிட்டு அப்புறம் கீழே இறக்குங்கள். சிங்கின் அழுக்குத் தண்ணீர் சுத்தமான பாத்திரங்களுக்குத் திரும்பிப் போகாது. சில இடங்களில் இதற்குப் பதிலாக மேடைக்கு மேல் காற்று இடைவெளி வைக்கச் சொல்லும் விதி உண்டு.

மெஷினை மாட்டி, திருப்பி, வளையத்தைப் பூட்டிய பிறகு எல்போவைப் போடுங்கள். அதன் ரப்பர் கேஸ்கெட்டை வாயில் சரியாக உட்கார வைத்து, தகட்டின் ஸ்க்ரூவை இறுக்க வேண்டும். இரண்டு ஸ்க்ரூ இருந்தால் ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு மற்றதற்குப் போகாமல், மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் இறுகினால் கேஸ்கெட் சாய்ந்து, மறுபக்கம் கசியும். டிஸ்போசர் லீக் என்று அழைக்கும் வீடுகளில் நான் முதலில் தடவிப் பார்ப்பது இந்த இடத்தைத்தான்.

அப்புறம் சுவர் பக்கத்துக் கை. யூ வளைவு கடைசியில். வளைவை நடுவில் வைத்தால் இரண்டு பக்கமும் தானாக உட்கார வேண்டும். கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு நட்டைச் சுற்ற வேண்டியிருந்தால், எங்கோ ஒரு துண்டு நீளமாக இருக்கிறது அல்லது கோணம் தப்பு. அப்படி இழுபட்ட மூட்டை இறுக்கினால் இன்றைக்குக் கசியாது, மெஷின் சில நாள் அதிர்ந்த பிறகு கசியும். எல்போவின் காலை ஹேக்சாவால் வெட்டும்போது, நட்டுக்குள் ஒன்றரை இன்ச்சாவது நுழையும் நீளத்தை விட்டு வெட்டுங்கள். வெட்டிய விளிம்பில் பிசிர் இருந்தால் கத்தியால் சீவிவிடுங்கள், அந்தப் பிசிரில்தான் முதல் அடைப்பு தொடங்கும்.

வாஷரில் ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் சரிவு. சரிவுப் பக்கம் மரை உள்ள துண்டின் வாய்க்குள் போக வேண்டும், தட்டைப் பக்கம் நட்டைப் பார்க்க வேண்டும். தலைகீழாகப் போட்டுவிட்டு, கசிகிறதே என்று நட்டின் மரையில் தெஃப்லான் டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றுவார்கள். இந்த மூட்டில் தண்ணீரைத் தடுப்பது வாஷர்தான், மரைக்கு அதில் வேலையே இல்லை. டேப் சுற்றினால் நட் முழுதாக ஏறாது, அவ்வளவுதான். கையால் நன்றாக இறுக்கி, அதற்கு மேல் குறடால் கால் சுற்று போதும். பிளாஸ்டிக் நட்டை அதற்கு மேல் முறுக்கினால் வெடிக்கும்.

பைப்பின் அளவு போகப் போகப் பெருகலாம், சிறுகக் கூடாது. மெஷினின் வாய் ஒன்றரை இன்ச் என்றால் சுவர் வரை அதே அளவோ, அதைவிடப் பெரியதோ. சுவரில் இரண்டு இன்ச் குழாய் இருந்தால் மாற்று வாஷர் போட்டு இணைக்கலாம். ஒன்றேகால் இன்ச்தான் இருக்கிறது என்றால் சுவரைத் திறக்க இன்னொரு காரணம் கிடைத்துவிட்டது.

தண்ணீர் வடிகட்டியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லியாக வேண்டும். அது கழிவுத் தண்ணீரை விடும் வகை என்றால், மெல்லிய குழாய் ஒன்று சிங்க் பைப்பில் துளையிட்டுக் கிளிப் மாட்டி இணைக்கப்பட்டிருக்கும். அந்தக் கிளிப் டிஸ்போசரிலிருந்து வரும் குறுக்குப் பைப்பில் இருக்கக் கூடாது. அரைத்த கூழ் அந்தச் சின்னத் துளையை அடைத்துவிடும். வலது தொட்டியின் செங்குத்துப் பைப்பில், டீக்கு மேலே மாட்டுங்கள். வடிகட்டியையே முன்பக்கம் கதவை ஒட்டிய பக்கச்சுவரில் தொங்கவிட முடியுமா என்றும் பாருங்கள். பின்மூலை விடுபட்டால் டிராப் ஆட இடம் கிடைக்கும், அந்த மூலைக்கு வேறு உபயோகமும் பெரிதாக இல்லை.

யூ வளைவுக்குக் கீழே ஒரு சின்ன வாளியாவது நுழைகிறதா என்றும் இப்போதே பார்த்துவிடுங்கள். அடைப்பு வந்தால் கழற்றப் போவது அந்தத் துண்டைத்தான். நட்டைப் பிடிக்கக் குறடு திரும்பும் இடமும் வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் சோதனை. மெஷினை மின் இணைப்பில் மாட்டும் முன், இரண்டு தொட்டியையும் மூடி நிரப்புங்கள். ஒவ்வொரு மூட்டின் அடியிலும் காய்ந்த டிஷ்யூ காகிதத்தை வைத்துவிட்டு, இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்துவிடுங்கள். குழாயைத் திறந்து சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்ப்பது சோதனையே இல்லை. நிறைந்த தொட்டி இறங்கும் அழுத்தத்தில்தான் கசிவு காட்டும். கண்ணுக்குத் தெரியாத ஈரம்கூடக் காகிதத்தில் புள்ளியாகத் தெரியும். தண்ணீர் இறங்கியதும் டார்ச்சை மெஷினுக்குள் அடித்துப் பாருங்கள். தட்டு ஈரமாக இருக்கலாம், அதன் மேல் தண்ணீர் குளமாக நிற்கக் கூடாது. நின்றால் உயரக் கணக்கு எங்கோ பிசகியிருக்கிறது, இந்தக் கட்டத்திலேயே கழற்றிச் சரிசெய்யுங்கள். அப்புறம் மின் இணைப்பைக் கொடுத்து, குழாயைத் திறந்துவிட்டு மெஷினை ஓட்டிக்கொண்டே வலது தொட்டியைக் கவனியுங்கள். சல்லடையில் தண்ணீர் எட்டிப் பார்த்தால் டீக்குள் தகடு இல்லை, அல்லது குறுக்குப் பைப் டீக்குள் தகட்டை முட்டும் அளவு நீளமாக நுழைந்திருக்கிறது.

ஒரு வாரம் ஓட்டிய பிறகு நட்டுகளை ஒருமுறை கையால் திருகிப் பாருங்கள். எதுவும் தளர்ந்திருந்தால் அது பெரும்பாலும் எல்போவின் காலில் இருக்கும் நட்டாகத்தான் இருக்கும், மெஷினின் அதிர்ச்சி முதலில் அங்கேதான் இறங்குகிறது. சற்று இறுக்கிவிட்டால் போதும்.